மொழி பயிலத் தொடங்குவோர்க்குக் கதையே முதல் நூல்

ஒரு மொழியைப் புதிதாகப் பயிலத் தொடங்குபவர் கையில் முதலில் கொடுக்கத்தக்கது எது? இலக்கணமா, சொற்பட்டியலா, நீதிநூலா, கதையா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. தமிழைப் பொறுத்தவரை, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதற்கு விடை கண்டார். அவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர். வளர்ந்த பின் கற்றுத் தெளிந்தவர். பொதுமக்கள் கேட்டுச் சிரிக்கக்கூடிய மூடர் கதையே அவர் கண்ட விடை.

பேரா மாநிலத் தமிழாசிரியர்களுக்கு இவ்வினா இன்று முன்னைவிட அவசரமானது. முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அளவு தமிழறிவோடு வருவதில்லை. வீட்டில் ஓயாது தமிழ் பேசும் பிள்ளையும், தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு ஆங்கிலத்திலோ மலாயிலோ விடை சொல்லும் பிள்ளையும், தமிழே அறியாத பிற இனப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். தேசியப் பள்ளிகளில் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வகுப்புக்கு வருவோரிலும் பலர் தொடக்கநிலை மாணவரே. இவர்கள் அனைவர்க்கும் எழுத்தட்டையும் சொல்லட்டையும் மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் போதுமா என்பதே கேள்வி.

வீரமாமுனிவர் கண்ட வழி

இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டில் பிறந்த கான்ஸ்டன்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகவும் சதுரகராதியின் தொகுப்பாளராகவும் தமிழுலகம் போற்றுகிறது. அவர் மொழியாசிரியருமாவார். தமக்குப் பின் வரும் ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் பயில வேண்டுமென்று இலத்தீன் மொழியில் இரண்டு இலக்கணங்கள் எழுதினார். ஒன்று கொடுந்தமிழுக்கு, அதாவது மக்கள் வழங்கும் தமிழுக்கு; மற்றொன்று செந்தமிழுக்கு. பேச்சும் எழுத்தும் தமிழில் இரு வேறு நிலைகள் என்பதையும், கற்பவர் அவ்விரண்டையும் கடந்தாக வேண்டும் என்பதையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

பரமார்த்த குருவின் கதையும் அவர் எழுதியதே. அதன் உரைநடையில் காப்பிய நடையின் இறுக்கம் இல்லை. வீட்டிலும் தெருவிலும் வழங்கும் சொற்களே அதில் மிகுதி. சென்னை ஆட்சிப் பணியில் இருந்த பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் 1822ஆம் ஆண்டில் அதனை இலண்டனில் பதிப்பித்தார். அப்பதிப்பில் தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பொருள் அகராதியும் முதற்கதைக்குச் சொல்வாரியான இலக்கணப் பகுப்பும் இணைந்திருந்தன. சொல்லப்போனால், அது தமிழ் பயிலும் வெளிநாட்டாருக்கான முழுமையான பாடநூல். வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அதே ஆண்டில் வெளியிட்டவரும் இந்தப் பாபிங்டனே. இலக்கணத்தோடு கதையும் வேண்டும் என்று அவரும் கருதியமை இதனால் விளங்கும்.

இவ்வழி அவரோடு நின்றுவிடவில்லை. சென்னைக் கல்விச் சங்கம் என்று தமிழர் வழங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இளம் ஆங்கில அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பது அதன் நோக்கம். அங்குத் தமிழ்ப் புலவராயிருந்த தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் பெயர்த்தார். அது 1826ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதாமஞ்சரி என்னும் சிறுகதைத் தொகுப்பும் அவர் செய்ததே. பின்னர்த் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் பயின்ற உரைநடை நூல்களுள் இவையும் அடங்கும். ஆகவே, வேற்று மொழியாளர் தமிழ் கற்பதற்கென எழுந்த கதைநூல்களே தமிழ்ப் பிள்ளைகளின் வாசிப்புக்கும் வழி திறந்தன.

கதைக்குள் இருக்கும் இலக்கணம்

மூடர் கதை மொழி பயில்வதற்கு ஏன் ஏற்றதாயிற்று? அதன் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பரமார்த்த குருவுக்குச் சீடர் ஐவர். அறுவரும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். ஆறு விழித்திருக்கும் வேளையில் இறங்கினால் ஆபத்து என்று குரு எண்ணுகிறார். ஒரு சீடன் எரியும் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான். அது சுறீரென்று புகைகிறது. ஆறு சீறுகிறது என்று அஞ்சி ஓடிவருகிறான். சிறிது நேரம் கழித்து அணைந்துபோன அதே கட்டையைத் தோய்க்கின்றனர். ஓசை இல்லை. ஆறு தூங்கிவிட்டது என்று மகிழ்ந்து கடந்துவிடுகின்றனர். அக்கரை சேர்ந்ததும் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே உள்ளனர். அடுத்தவன் எண்ணினாலும் ஐவரே. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் வந்து, காணாமற்போனவரை வரவழைப்பதாகக் கூலி பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுத்து எண்ணச் செய்கிறான். அறுவரும் இருக்கக் கண்டு மனம் நிறைகின்றனர்.

இச்சிறு கதையில் தொடக்கநிலை மாணவன் அறிய வேண்டியவை எத்தனை! ஆறு தூங்குகிறதா, தூங்கிற்றா, இன்னும் தூங்குமா என்று முக்காலமும் வினாவும் ஒரே வினைச்சொல்லில் அமைகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்பவை பொருள்களுக்கு. ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர் என்பவை மனிதர்க்கு. இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லாதது; தமிழ்ப் பிள்ளைகளே தடுமாறும் இடம். பாடநூல் இதைப் பட்டியலாகக் கொடுக்கும். கதையில் ஒவ்வொரு சீடனும் மீண்டும் மீண்டும் எண்ணுவதால், பட்டியல் என்று தோன்றாமலே அது பதிந்துவிடுகிறது. குருவைச் சீடர் ‘நீங்கள்’ என்று பணிவோடு விளிக்க, அவர் சீடனை ‘நீ’ என்பார். மரியாதைப் பன்மையும் அதற்கேற்ற வினைமுற்றும் உரையாடலிலேயே வந்துவிடுகின்றன.

குதிரைக் கதை மற்றொரு பாடம். குருவின் தலைப்பாகை வழியில் விழுகிறது. சொல்லாததால் சீடர் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு சொல்ல, குதிரையின் சாணத்தையும் எடுத்துத் தலைப்பாகையில் ஏந்தி வருகின்றனர். பிறகு எடுக்க வேண்டியவற்றைக் குரு ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். கடைசியில் அவரே குழியில் விழ, ஓலையில் அவர் பெயர் இல்லையே என்று சீடர் நிற்கின்றனர்! எடு, எடுங்கள், எடுக்காதே, எடுக்கவில்லை என்னும் ஏவலும் எதிர்மறையும் இக்கதையின் உயிர்நாடி. மாணவர் அந்த ஓலையைத் தாமே எழுதலாம். ஒவ்வொரு முறையும் ஒரு பொருளைச் சேர்க்கலாம். வாசிப்பும் எழுத்தும் விளையாட்டாக ஒன்றுகூடும் இடம் அது.

மூடர் கதையில் இன்னொரு நன்மையும் உண்டு. மொழியைப் புதிதாகக் கற்பவன் எப்பொழுதும் தன்னை அறியாதவனாக உணர்கிறான். வாய் திறந்தால் பிறர் சிரிப்பார்களோ என்று கூசுகிறான். கதையில் வரும் சீடனோ அவனைவிட அறியாதவன். சீடனின் தவற்றை மாணவன் கண்டுபிடித்துத் திருத்துகிறான். திருத்தும் ஆவலில் அவன் வாய் திறக்கிறது.

உலகின் பிற கதைகள்

இவ்வகைக் கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. தன்னை விட்டுவிட்டு எண்ணும் கதையை வேதாந்த ஆசிரியர் ‘பத்தாம் மனிதன்’ என்று ஆன்ம ஞானத்துக்கு உவமையாகக் கூறுவர். இங்கிலாந்தில் கோத்தம் என்னும் ஊரார் மீன் பிடிக்கச் சென்று தங்களுள் ஒருவர் மூழ்கிவிட்டதாக அழுத கதை பழைமையானது. போலந்து நாட்டில் ஹெல்ம் என்னும் ஊரின் ‘அறிவாளிகள்’ பற்றி அந்நாட்டு யூதர் தம் யித்திஷ் மொழியில் சொல்லிவந்த கதைகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

போலந்தைப் பற்றி இன்னும் சிறிது கூறுதல் பொருந்தும். 1795ஆம் ஆண்டு முதல் 1918ஆம் ஆண்டு வரை அந்நாடு மூன்று பேரரசுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, உலகப் படத்தில் தனி நாடாக இல்லாதிருந்தது. ஜெர்மானிய ஆட்சியிலிருந்த வ்ஷெஷ்னியா என்னும் ஊர்ப் பள்ளியில் சமயப் பாடத்தையும் ஜெர்மன் மொழியில் திணித்தபோது, 1901ஆம் ஆண்டில் பிள்ளைகளே மறுத்து நின்றனர். அதற்காகப் பிரம்படியும் பட்டனர். பள்ளி கைவிட்ட மொழியை வீடே காத்துத் தந்தது. இன்று பிற நாடுகளில் குடியேறிய போலந்தியர் தம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைப் பள்ளிகளில் தாய்மொழி கற்பிக்கும்போது, அவர்கள் சொல்லும் கதைகளுள் வாவெல் குன்றின் பறவைநாகக் கதை முதன்மையானது. கிராக்கோ நகரைக் கொடிய நாகம் ஒன்று அச்சுறுத்தியது. வீரர் பலர் தோற்றனர். ஓர் ஏழைச் செருப்புத் தொழிலாளி ஆட்டுத் தோலுக்குள் கந்தகத்தை அடைத்து அதன் குகை வாயிலில் வைத்தான். தின்ற நாகம் தாகம் தாளாமல் விஸ்துலா ஆற்று நீரைக் குடித்துக் குடித்து வயிறு வெடித்து இறந்தது.

இதில் ஆசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஏறக்குறைய 1200ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பழைய வரலாற்று நூலில் நாகத்தைக் கொன்றவர் மன்னனின் மைந்தர் இருவர். செருப்புத் தொழிலாளி பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே கதைக்குள் வந்தான். சொல்வோரும் கேட்போரும் மாற மாற நாட்டுக் கதையும் மாறுகிறது. ஆகவே, பிள்ளைகளின் மொழியறிவுக்கேற்ப ஆசிரியர் கதையைச் சுருக்குவதும் எளிமையாக்குவதும் அதற்கு இழைக்கும் தீங்காகாது. கதையின் முடிச்சையும் அது அவிழும் இடத்தையும் மட்டும் காத்தல் வேண்டும்.

பேராவின் கதைச் செல்வம்

தொலைவில் உள்ள கதைகளைத் தேடுமுன் அருகில் உள்ளவற்றையும் காணுதல் நன்று. மலாய்மொழியின் வாய்மொழி இலக்கியத்தில் பேராவுக்குச் சிறப்பான இடம் உண்டு. மீர் ஹசன் என்னும் பேராக் கதைசொல்லி கூறிய இராமன் கதையை மாக்ஸ்வெல் என்னும் அதிகாரி எழுதி 1886ஆம் ஆண்டில் வெளியிட்டார். கம்பர் பாடிய இராமனே மலாய்க் கிராமத்து நாட்டுக் கதையில் வேறு கோலத்தில் உலவியிருக்கிறான்! செண்டேரியாங்கைச் சேர்ந்த ராஜா ஹாஜி யாஹ்யா என்பவர் பேராக் கதைசொல்லிகளின் நெடுங்கதைகளை எழுத்தில் பதித்தவர். பாக் பண்டிர், லெபாய் மாலாங் முதலிய வேடிக்கைக் கதைகளும் அவர் கையால் நூல்வடிவம் பெற்றன. ஆற்றின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஒரே நாளில் விருந்து. எங்கே போவதென்று முடிவு செய்யாமல் படகை மாறி மாறித் திருப்பி, இரண்டு விருந்தையும் இழந்தவரே லெபாய் மாலாங்.

சாங் கஞ்சில் என்னும் சருகுமானை அறியாத மலேசியப் பிள்ளை இல்லை. ஆற்றைக் கடக்க விரும்பிய அது, மன்னர் சுலைமானின் கட்டளைப்படி எண்ணிப் பார்க்க வேண்டுமென்று சொல்லி முதலைகளை வரிசையாக நிற்கச் செய்து, ஒவ்வொன்றின் முதுகிலும் குதித்து எண்ணியபடியே அக்கரை சேர்ந்தது. பரமார்த்த குருவின் சீடரும் ஆறு கடந்தனர், அவர்களும் எண்ணினர். சருகுமான் எண்ணிக் காரியம் முடித்தது. சீடர் எண்ணி ஏமாந்தனர். இரு கதைகளையும் அடுத்தடுத்துச் சொன்னால், ஆறு, கரை, எண், கடத்தல் என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் கதையில் முதலைகளை ‘ஒன்று, இரண்டு’ என்றும், அடுத்ததில் சீடரை ‘ஒருவர், இருவர்’ என்றும் எண்ணுவதால் அஃறிணையும் உயர்திணையும் தாமே பிரிந்து விளங்கும்.

மலாய்ப் பாடத்தில் கேட்ட கதையைத் தமிழில் சொல்வதால் மற்றொரு பயனும் உண்டு. புதிய கதையைப் புதிய மொழியில் கேட்கும் பிள்ளைக்கு இரண்டு சுமை. கதை தெரிந்ததாயின் மொழி ஒன்றே சுமை. அடுத்து வருவது இன்னதென்று தெரிந்திருப்பதால் அறியாத சொல்லின் பொருளை அவனே ஊகித்துவிடுவான். தென்னை மரத்தின் மேலிருந்து மனக்கோட்டை கட்டி விழுந்த மாட் ஜெனினையும், மாவுப் பானையின் அருகே படுத்து மனக்கோட்டை கட்டிய பஞ்சதந்திர அந்தணனையும் ஒப்பிட்டுப் பேசச் செய்தால், மூத்த மாணவர்க்குக் கட்டுரைப் பொருளே கிடைத்துவிடும்.

லயத்திலிருந்து வகுப்பறைக்கு

தோட்டப் பள்ளிகளின் தொடக்க காலத்தில் இத்தகைய பயிற்சி முறைகள் பேசப்பட்டதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக நடந்த பள்ளிகள் பல. ஆயினும் அப்பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ் புதிதன்று. இரவில் லயத்து வாசலில் பாட்டி சொன்ன கதையை அவன் கேட்டிருந்தான். ‘பெரிய எழுத்து’ விக்கிரமாதித்தன் கதையையும் நல்லதங்காள் கதையையும் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. எழுத்துத் தமிழின் ஓசை, எழுத்தை அறியுமுன்பே அவன் செவியில் விழுந்திருந்தது. பள்ளி அதன்மேல் கட்டியது.

அந்த அடித்தளம் சிறிது சிறிதாகக் கரைந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கும் நோக்கத்தோடு சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் எழுந்தன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. 1957ஆம் ஆண்டில் நாட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. பேராவில் மட்டும் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் நிலைத்திருக்கின்றன. அவற்றுட் சில, தோட்டத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு தோட்டமே இல்லாத இடத்தில் இயங்குகின்றன.

பள்ளிகள் குறைந்ததைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். கதை கேட்கும் வழக்கம் குறைந்ததைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அடுக்குமாடி வீட்டில் பாட்டி வேறிடத்தில் இருக்கிறார்; தாயும் தந்தையும் வேலை முடிந்து இருட்டிய பின் திரும்புகின்றனர்; பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கிறது. பல பிள்ளைகள் முழுத் தமிழ்க் கதையொன்றை முதன்முதலாகக் கேட்பது முதலாம் ஆண்டு ஆசிரியரின் வாயிலிருந்துதான். ஆகவே, முன்பு வீடு செய்த வேலையையும் ஆசிரியரே ஏற்க வேண்டிய நிலை. அதைச் செய்யாமல் எழுத்தில் தொடங்கினால், பிள்ளை செவியறியாத மொழிக்குக் கண்ணால் எழுத்துக் கூட்டுகிறான். அவன் படிப்பான், ஆயினும் படித்தது அவனோடு பேசாது.

வகுப்பில் சொல்லும் முறை

முதலில் கதையை நூலின்றிச் சொல்ல வேண்டும். புதிய சொற்கள் எட்டு, பத்துக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டு, அவற்றைக் கை, முகம், கரும்பலகைப் படம் ஆகியவற்றால் விளக்கலாம். நடுவே மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்துக்கொண்டே போனால், பிள்ளை தமிழ் வாக்கியத்துக்குக் காத்திராமல் மொழிபெயர்ப்புக்கே காத்திருப்பான்.

இரண்டாம் முறை சொல்லும்போது, திரும்ப வரும் தொடர்களின் முன் சற்று நிறுத்த வேண்டும். வகுப்பு தானே நிறைவு செய்யும். மூன்றாம் முறை நடிப்பு. அறுவர் எழுந்து நிற்க, ஒருவன் எண்ணட்டும். “உன்னை எண்ணவில்லை!” என்று வகுப்பு கூவும். இரண்டாம் வேற்றுமையும் எதிர்மறையும் சேர்ந்த அந்த வாக்கியத்தை யாரும் மனப்பாடம் செய்விக்கவில்லை. அதன் பிறகே அச்சிட்ட கதையைக் கையில் கொடுத்தல் தகும். செவி அறிந்த வாக்கியத்தைக் கண் காணும்போது வாசிப்பு விரைவில் கைகூடும். இறுதியில், கதையை மாற்றி எழுதச் செய்யலாம்: சீடர் கடந்தது பேராறாக இருந்தால் என்ன நடந்திருக்கும்?

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்ற தயக்கத்துக்கும் கதையே தீர்வு தருகிறது. கதை நிகழ்ச்சியைத் திருத்தமான எழுத்து வழக்கில் கூறலாம்; மாந்தர் பேசும் இடத்தில் கொச்சை நீங்கிய எளிய பேச்சோசையைக் கலக்கலாம். இரண்டும் எங்கெங்கே வழங்கும் என்பதைப் பிள்ளை விதி கேளாமலே உணர்ந்துகொள்வான்.

தேர்வில் எச்சரிக்கையும் வேண்டும். சமயக் குருமாரை எள்ளவே பரமார்த்த குருவின் கதை எழுதப்பட்டது என்று கருதுவோரும் உளர். சீடர் பெயர்களுள் மிலேச்சன் என்பது வேற்றினத்தாரை இழித்துரைக்கும் சொல். பல இனப் பிள்ளைகள் அமரும் வகுப்பில் அதனை நீக்கிவிடுதலே முறை. வழிப்போக்கனின் அடியைத் தோளில் தொடுதலாக மாற்றினால் எண்ணிக்கை கெடாது. சாதியையோ உடற்குறையையோ நகைக்கும் கதைகளை விலக்க வேண்டும். மறுபுறம், ஒவ்வொரு கதையின் முடிவிலும் நீதி ஒன்றை ஒட்டிவைக்கும் பழக்கமும் அளவு கடந்துவிட்டது. நீதியை எழுதிக்கொள்ளும்படி சொன்ன கணத்தில் கதை நின்று பாடம் தொடங்கிவிடுகிறது. பிள்ளை மறுநாளும் அதே கதையைக் கேட்டு வருவானாயின், அதுவே போதிய பயன்.

வாரத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டாலும், ஓராண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட கதைகள் ஒரு பிள்ளையின் செவியில் சேரும். இதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்து முதியோரை அழைத்து, அவர்கள் அறிந்த கதைகளைச் சொல்லக் கேட்டு எழுதிவைத்தால், பாடப்பொருளும் சேரும்; லயத்து வாசலில் வழங்கிய கதைகளும் எழுத்தில் நிலைக்கும். அக்கதைகளை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருவதால், இப்பணியைப் பள்ளிகள் இவ்வாண்டிலேயே தொடங்குதல் நலம்.